பாட்டுக் கட்டிய டெபுடி மாஜிஸ்திரேட்

'வாக்கேயகாரர்' என்ற சொல்லுக்கு நம்மவர்களிடையே பெரிய மரியாதை உண்டு. அதைக் கேட்டவுடன் திருவையாறும் காவிரிக் கரையும், தம்புராவும் உஞ்சவிருத்திச் சொம்பும் கண்முன் வந்து நிற்கும். ஆனால் பகல் முழுவதும் கோர்ட்டிலோ கச்சேரியிலோ (நான் சொல்வது தாலுகா கச்சேரி!) உழைத்துவிட்டு, சாயங்காலம் ஒரு பாட்டுக் கட்டி, நாலு சிநேகிதர்கள் முன்னால் பாடிக் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

நான் 1973ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த கையோடு மத்திய அரசு உத்தியோகம் கிடைத்துக் கல்கத்தா வந்தவன். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த நம்மவர்களில் பலரைப் போல எனக்கும் வங்காளிப் பாட்டு காதில் விழுந்தது ஆபீஸ் சகாக்கள் மூலமாகத்தான். அவர்கள் பாட்டுகளைத் தனித்தனிப் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். ரவீந்திர சங்கீதம், துவிஜேந்திர கீதி, ரஜனிகாந்தர் பாட்டு, அதுல் பிரசாதி, நஸ்ருல் கீதி என்று ஐந்து. நஸ்ருல் இஸ்லாம் கிராமபோன் கம்பெனிக்குப் பாட்டு எழுதிச் சம்பாதித்தவர்; அவரை விட்டுவிடுவோம். மற்ற நால்வரின் தொழில் என்ன என்று விசாரித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவர் ஜமீன் குடும்பம். ஒருவர் டெபுடி மாஜிஸ்திரேட். மீதி இரண்டு பேரும் வக்கீல்கள்! வயிற்றுப் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் பாட்டுக் கட்டியவர்கள்.

இவர்களுடைய பாட்டுகள் நூறு ஆண்டுகள் கழித்தும் நிற்பதற்கு மேதைமைதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. இவர்கள் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டார்கள். கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொன்னார்கள். அந்த அபிப்பிராயம் பாட்டை வளர்த்த கதையும், பிறகு நட்பையே அழித்த கதையும் இரண்டுமே இவர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. நம் அங்கத்தினர்களில் பாட்டு எழுதுகிறவர்களும், அதைவிட முக்கியமாக அவற்றைக் கேட்கிறவர்களும், தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பியானோவும் பென்சிலும்

முதலில் ஜோராசாங்கோவில் இருக்கும் தாகூர் வீடு. ரவீந்திரநாதருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர் அண்ணா ஜோதிரீந்திரநாதர். 1875ல் அவர் 'சரோஜினி' என்ற நாடகத்தை அச்சுக்குக் கொடுத்திருந்தார். ஒரு பண்டிதரோடு உட்கார்ந்து புரூஃப் படித்துக்கொண்டிருக்கிறார். ராஜபுத்திர ஸ்திரீகள் தீயில் இறங்கும் கட்டம் வசனமாக இருந்தது. அடுத்த அறையில் பாடம் படிக்க வேண்டிய பதினாலு வயதுத் தம்பி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், நேரே உள்ளே வந்து, இந்த இடத்துக்கு வசனம் எடுபடாது, பாட்டுத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணாவுக்கும் உள்ளூர அப்படித்தான் பட்டிருந்தது. ஆனால் நேரம் இல்லையே என்றார். தம்பி அங்கேயே உட்கார்ந்து சற்று நேரத்தில் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். நாடகத்தில் அது சேர்ந்தது. குறை சொன்னவரே வேலையையும் செய்து காட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு தம்பிக்குப் பெரியவர்கள் கோஷ்டியில் இடம் கிடைத்தது. ஜோதிரீந்திரர் பியானோவில் புதுப்புது மெட்டுகளாகப் போட்டுக்கொண்டே இருப்பார். இந்தப் பக்கம் ரவீந்திரர், அந்தப் பக்கம் குடும்ப நண்பர் அக்ஷய சந்திர சௌத்ரி. இருவர் கையிலும் காகிதமும் பென்சிலும். மெட்டு விரலைவிட்டுப் போவதற்குள் வார்த்தை உட்கார வேண்டும். எவருடைய வார்த்தை பொருந்தவில்லை என்பது அப்போதே, அந்த அறையிலேயே தெரிந்துவிடும். பௌதிகம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது ஒரு நல்ல பரிசோதனைச்சாலையாகவே தோன்றுகிறது.

வீட்டில் கண்டிப்பான ரசிகர் ஒருவரும் இருந்தார். ஜோதிரீந்திரரின் மனைவி காதம்பரி தேவி, அதாவது ரவீந்திரருக்கு மன்னி. அவருக்குப் பிடித்த கவி பிஹாரிலால் சக்கரவர்த்தி. நீ அவரைப் போல எழுத முடியாது என்று கொழுந்தனாரிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம். குரலையும் பெரிதாக மெச்சியது கிடையாது. தம்பிக்குத் தலைக்கனம் ஏறிவிடக்கூடாது என்ற எண்ணம். 1884ல் மன்னி காலமானார். அந்த இழப்பைத் தாகூர் கடைசிவரை மறக்கவில்லை.

ஐந்நூறு ரூபாய் செக்

தகப்பனார் மஹரிஷி தேவேந்திரநாதர் லேசில் புகழ்கிறவர் அல்லர். ரவீந்திரர் சின்னப் பையனாக இருந்தபோது, சம்சார துக்கத்தைப் பற்றி இரண்டு பக்திப் பாட்டுகள் எழுதினார். வீட்டுக்கு வரும் கிழவரான ஸ்ரீகண்ட பாபு அவற்றைப் பெருமையோடு தகப்பனாரிடம் எடுத்துப் போனார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். மீசை முளைக்காத பையன் சம்சாரக் கடலைப் பற்றி எழுதினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வருஷங்கள் போயின. 1887 மாகோத்ஸவத்துக்கு, அதாவது பிரம்ம சமாஜத்தின் வருடாந்திரத் திருவிழாவுக்கு, ரவீந்திரர் சில புதிய பாட்டுகள் கட்டினார். சின்சுராவில் தங்கியிருந்த தகப்பனார் இரண்டு பிள்ளைகளையும் வரவழைத்தார். ஜோதிரீந்திரர் ஹார்மோனியத்தில் உட்கார, ரவீந்திரர் புதுப்பாட்டு அத்தனையும் பாடினார். சிலவற்றை இரண்டாம் தடவையும் பாடச் சொன்னார் தகப்பனார். முடிந்ததும், நாட்டை ஆளுகிறவனுக்கு நம் பாஷை தெரிந்திருந்தால் கவிக்கு அவன் சன்மானம் செய்திருப்பான், அது இல்லாதபடியால் நானே செய்ய வேண்டியிருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொல்லி, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு செக்கை நீட்டினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனால் தாகூர் தமது வாழ்க்கை நினைவுகளில் அந்தச் சிரிப்பையும் செக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். முதலில் சிரித்தவர் என்பதால்தான் பின்னால் கொடுத்த செக்குக்கு மதிப்பு.

இஷ்டம்போல் ஒரு சபை

1897ல் ஜோராசாங்கோவில் 'காம்கேயாலி சபா' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். 'மனம் போன போக்கில்' என்று அர்த்தம். அங்கத்தினர்கள் முறை வைத்துக்கொண்டு மற்றவர்களை அழைத்து விருந்து போட வேண்டும். அன்று வந்தவர்கள் புதிதாக எழுதியதை வாசிக்கலாம், பாடலாம். நாட்டோர் மஹாராஜா ஜகதீந்திரநாத் ராய் பக்வாஜ் வாசிப்பார். இங்கிலாந்தில் பாரிஸ்டர் படிப்பு முடித்துத் திரும்பியிருந்த அதுல் பிரசாத் சேன்தான் அங்கே வயதில் இளையவர். டெபுடி மாஜிஸ்திரேட் துவிஜேந்திரலால் ராய் வந்து தமது ஹாஸ்யப் பாட்டுகளைப் பாடுவார். தாகூரும் மற்றவர்களும் பின்பாட்டுப் பாடுவார்கள்.

இந்த சபைக்காகத் தாகூர் 1897ல் ஒரு கேலி நாடகம் எழுதினார். பெயரைத் தமிழில் 'வைகுண்டரின் நோட்டுப் புத்தகம்' என்று சொல்லலாம். வைகுண்டர் என்ற முதியவர் சங்கீத சாஸ்திர வரலாற்றைப் பெரிய நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து வைத்து வாசித்துக் காட்டுவார். கேதார் என்ற ஆசாமிக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. ஆகவே பொறுமையாகத் தலையாட்டிக் கேட்கிறான். பாட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த அந்த சபையிலேயே, பிறர் கழுத்தை அறுக்கும் எழுத்தாளரைப் பற்றியும் காரியத்துக்காகப் புகழ்கிற ரசிகனைப் பற்றியும் நாடகம் போட்டுச் சிரித்தார்கள்! (சங்கீத வரலாறு எழுதும் கிழவரைப் பற்றி நான் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதை உணர்ந்தே எழுதுகிறேன்.)

டெபுடி மாஜிஸ்திரேட்

துவிஜேந்திரலால் ராய் 1863ல் கிருஷ்ணநகரில் பிறந்தவர். தகப்பனார் கார்த்திகேய சந்திரர் அந்த சமஸ்தானத்தின் திவான், நல்ல பாடகர். பிள்ளை எம்.ஏ. படித்து, 1884ல் விவசாயப் படிப்புக்காக இங்கிலாந்து போனார். திரும்பி வந்ததும் கடல் தாண்டிய தோஷத்துக்குப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்றார், ஜாதியார் விலக்கி வைத்தார்கள். நம் குடும்பங்களிலும் கொள்ளுத்தாத்தா காலத்தில் கேட்ட கதைதான். அந்தக் கோபத்தை அவர் 1889ல் ஒரு நையாண்டிப் புத்தகமாக எழுதித் தீர்த்துக்கொண்டார்.

உத்தியோகத்திலும் வளைந்து கொடுக்காதவர். மிதுனாபூர் ஜில்லா சுஜாமுட்டாவில் செட்டில்மெண்ட் வேலை பார்த்தபோது, குடியானவர்கள் பக்கமே நியாயம் என்று தீர்மானித்து, லெப்டினன்ட் கவர்னரின் அதிருப்திக்கு ஆளானார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும்.

இந்த மனிதரின் பாட்டுத் திறமையை முதலிலேயே எடுத்துச் சொன்னவர்களில் தாகூர் முக்கியமானவர். 'ஆர்ய காதா' இரண்டாம் பாகத்துக்கு 1894ல் அவர் எழுதிய மதிப்புரையில், வாசிக்கும் கவிதைக்கும் பாடும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆராய்ந்திருக்கிறார். 'ஆஷாடே' என்ற ஹாஸ்யத் தொகுப்பு வந்தபோது, ஹாஸ்யத்தைப் பாராட்டிவிட்டு, யாப்பு சில இடங்களில் தளர்ந்து போகிறது என்பதையும் தயங்காமல் எழுதினார். 1902ல் 'மந்த்ர' கவிதைகளுக்கும் நல்ல மதிப்புரை. குறை நிறை இரண்டும் இருந்தன. இரண்டும் பாட்டைப் பற்றியே இருந்தன. 1905ல் துவிஜேந்திரர் கல்கத்தாவில் 'பூர்ணிமா மிலன்' என்று பௌர்ணமிதோறும் எழுத்தாளர்கள் கூடும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது தாகூரும் போனார்.

ராஜஷாஹி வக்கீல்

ராஜஷாஹியில் வக்கீலாக இருந்தவர் ரஜனிகாந்த சேன், 1865ல் பிறந்தவர். அந்த ஊருக்கு வந்த துவிஜேந்திரர் ஹாஸ்யப் பாட்டுகள் பாடியதைக் கேட்டு, தாமும் அந்த வகையில் எழுத ஆரம்பித்தார். கட்சிக்காரர்கள் காத்திருக்க, இவர் பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பார்! ஆனால் புத்தகம் போட மட்டும் பயம். 'ஸாஹித்ய' பத்திரிகையின் ஆசிரியர் சுரேஷ் சமாஜ்பதி, மதிப்புரையில் ஆளையே உரித்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர். சக வக்கீலும் சரித்திர ஆராய்ச்சியாளருமான அக்ஷய குமார் மைத்ரேயர் ஒரு யுக்தி செய்தார். சமாஜ்பதியும் இருக்கிற சமயமாகப் பார்த்து ரஜனிகாந்தரைப் பாட வைத்தார். சமாஜ்பதி கேட்டுவிட்டு வாய்விட்டுப் புகழ்ந்தார். அதன் பிறகே 1902ல் 'வாணி' வெளிவந்தது. 1905 சுதேசி இயக்கத்தில், தாய் கொடுத்த முரட்டுத் துணியை மகிழ்ந்து உடுத்தச் சொல்லும் அவருடைய பாட்டு வங்காளத் தெருக்களில் ஒலித்தது.

1909ல் தொண்டையில் புற்றுநோய். 1910 பிப்ரவரியில் கல்கத்தா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள், குரல் போய்விட்டது. பாடகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? காகிதத்தில் பென்சிலால் எழுதியே பேசினார். அந்த ஜூன் மாதம் தாகூர் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரஜனிகாந்தரின் குழந்தைகள் தகப்பனாரின் பாட்டைப் பாட, தாகூர் ஹார்மோனியம் வாசித்தார். அதன் பின் ரஜனிகாந்தர், தம் கர்வத்தைப் பொடியாக்க இறைவன் தம்மை எல்லா விதத்திலும் ஏழையாக்கிவிட்டான் என்ற கருத்தில் ஒரு பாட்டு எழுதித் தாகூருக்கு அனுப்பினார். உடம்பு தோற்றும் ஆத்மா தோற்கவில்லை என்று உணர்ந்து தாகூர் பதில் எழுதினார். செப்டம்பர் 13 அன்று ரஜனிகாந்தர் காலமானார். பாட்டுக் கட்டும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டார் தியேட்டர், 1912

இதே ஆண்டுகளில் மறுபக்கம் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. 1904ல் ஒரு தொகுப்பு நூலுக்காகத் தாகூர் தம்மைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தம் கவிதைகளை உள்ளிருந்து ஒரு சக்தி நடத்திச் செல்கிறது என்பது அதன் சாரம். துவிஜேந்திரருக்கு இது அகம்பாவமாகப் பட்டது. கடிதங்களில் தொடங்கியது பத்திரிகைக்குப் போயிற்று. 1906ல் தாகூரின் கவிதை புரியவில்லை என்று எழுதினார். அதுவரை விமர்சனம்தான். 1909ல் அதே சமாஜ்பதியின் 'ஸாஹித்ய' பத்திரிகையில் 'காவியத்தில் நீதி' என்ற கட்டுரை வந்தது. 'சித்ராங்கதா' நாடகத்தையும் சில காதல் பாட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒழுக்கக்கேடு என்று சாடினார்.

1912 டிசம்பர் 16 அன்று ஸ்டார் தியேட்டரில் துவிஜேந்திரரின் 'ஆனந்த விதாய்' என்ற நையாண்டி நாடகம் அரங்கேறியது. தாகூரைக் கேலி செய்வதுதான் விஷயம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. தாகூரோ அப்போது அமெரிக்காவில் இருந்தார். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். நாடகம் குழம்பியது, ஆசிரியர் தியேட்டரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. காம்கேயாலி சபாவில் எவருடைய பின்பாட்டோடு பாடினாரோ, அவரையே மேடையில் ஏற்றிப் பரிகசிக்கும்படி ஆயிற்று. ஹாஸ்யத்தில் வங்காளத்தையே சிரிக்க வைத்தவருக்கு அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, 1913 மே 17 அன்று, துவிஜேந்திரர் தம் ஐம்பதாவது வயதில் திடீரென்று காலமானார். அந்த நவம்பரில் தாகூருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. சமாதானம் செய்துகொள்ள இருவருக்கும் அவகாசம் இல்லாமல் போயிற்று. பின்னால் தேவகுமார் ராய் சௌத்ரி எழுதிய துவிஜேந்திரரின் வாழ்க்கை வரலாற்றுக்குத் தாகூர் முன்னுரை கொடுத்தார், கௌரவமாகவே எழுதினார்.

இந்த இடத்தில் நான் பல தடவை யோசித்திருக்கிறேன். முன்பு தாகூர் துவிஜேந்திரரின் யாப்பைக் குறை சொன்னார், நட்பு கெடவில்லை. 1909ல் துவிஜேந்திரர் தாகூரின் பாட்டைக் குறை சொன்னார், எல்லாம் கெட்டது. என்ன வித்தியாசம்? முதலாவதில் விஷயம் பாட்டு. இரண்டாவதில் பாட்டைக் கட்டியவரின் ஒழுக்கம். எதிரே உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிய காலத்தில், அடுத்த தடவை தன் பாட்டையும் அவர் முன் பாடியாக வேண்டும் என்ற நினைவு நாக்கைக் கட்டுப்படுத்தியது. பத்திரிகையிலும் தியேட்டரிலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை; கைதட்டுகிறவர்கள்தான் இருந்தார்கள்.

பிள்ளை காலத்தில்

பகை பிள்ளை காலத்துக்கு வரவில்லை என்பது ஆறுதல். அதுல் பிரசாதர் லக்னோவில் பெரிய வக்கீலாகி, அங்கே கேட்ட தும்ரியையும் கஜலையும் வங்காளிப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1914ல் நைனிடால் பக்கம் ராம்கட்டில் தாகூரோடு தங்கியிருந்தபோது, விடியற்காலையில் தாகூர் தனியாக உட்கார்ந்து ஒரு புதுப்பாட்டைக் கட்டிப் பாடிப் பார்ப்பதை மறைந்திருந்து கேட்டாராம். 1934ல் அவர் காலமானபோது அவர் விட்டுச் சென்றவை சுமார் இருநூறு பாட்டுகள்தாம்.

துவிஜேந்திரரின் மகன் திலீப் குமார் ராய் 1920களில் தாகூரிடமே போய் வாதம் செய்தார். ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் இருப்பது போல் பாடுகிறவனுக்கு உங்கள் பாட்டில் ஏன் சுதந்திரம் கொடுக்கக்கூடாது என்பது அவர் கட்சி. என் பாட்டில் நான் வைத்த மெட்டே முழுமை, இட்டு நிரப்ப இடம் விடவில்லை என்பது தாகூர் கட்சி. கீர்த்தனையில் சங்கதி சேர்ப்பதையும் நிரவல் செய்வதையும் கேட்டுப் பழகிய நமக்கு திலீப் குமாரின் வாதம் நன்றாகவே புரியும். கடைசிவரை இருவரும் ஒத்துப்போகவில்லை, பிரியத்துக்கும் குறைவில்லை. தாகூர் பாட்டுகளின் காப்புரிமை 2001 முடிய விசுவபாரதியிடம் இருந்தது. அதுவரை ஒலிப்பதிவுக்கு விசுவபாரதி சங்கீதக் குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால், அந்த வாதம் எவ்வளவு தூரம் நீண்டது என்பது தெரியும்.

திலீப் குமார் 1928ல் புதுச்சேரி அரவிந்தாசிரமத்தில் சேர்ந்தார். அவரும் நம் எம்.எஸ். அம்மாவும் சேர்ந்து பாடிய இசைத்தட்டுகளில் 'வந்தே மாதர'மும், 1909ல் 'ஷாஜஹான்' நாடகத்துக்காகத் துவிஜேந்திரர் கட்டிய நாட்டுப்பற்றுப் பாட்டும் உண்டு. டெபுடி மாஜிஸ்திரேட்டின் பாட்டு மதுரையில் பிறந்த குரலில் ஒலித்தது.

நம் பக்கத்திலும் இதற்கு ஈடான கதை உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திர'த்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பலமுறை நடந்தார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளையவர்கள் நாளைக் கடத்தினார். ஒரு நாள் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தமக்குள் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உருகி, பாயிரம் எழுதிக் கொடுத்தார். உ.வே.சா. சொல்லும் வரலாறு இது. பிழை இருந்த இடத்தில் பிழை இருந்தது; பாட்டைக் காதால் கேட்டபோது தீர்ப்பு மாறியது.

நம் சங்கத்திலும் ரிடையர் ஆன பின் பாட்டுக் கட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல விஷயம். அவர்களிடம் "பேஷ், பேஷ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகருவது கேதார் செய்த காரியம். முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பது அதைவிட மோசம். உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேளுங்கள். எந்த அடியில் மெட்டு இடிக்கிறது, எந்த வார்த்தை நாக்கில் நிற்கவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள். உங்களிடமும் ஒரு பாட்டு இருந்தால் அடுத்ததாக அதை எடுத்து நீட்டுங்கள். அவர் சொல்வதை நீங்களும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.